மூடியின் மேல் உட்கார்ந்தது

சூரத்

அன்புள்ள குந்தளா,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம்.

நேற்று ஒரு வேடிக்கை. வேதியியல் வாத்தியார் என்றுதானே என்னைச் சாக்கடைக் குழிக்குக் காவல் வைத்தார்கள்? மூடியைத் திறந்ததும் கரப்பான்கள் ஓடிவந்தால் உள்ளே காற்று நல்லது என்பார்கள். நேற்று ஒன்றுகூட வரவில்லை. விஷவாயுவோ என்று பயந்து, மூடியைத் திரும்பப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இறங்கவேண்டிய சோமாவுக்கே கோபம். "எந்திரிங்க மாஸ்டர்! நீங்க உக்காந்தா எங்க வீட்ல உலை கொதிக்குமா?"

"மாஸ்டருக்கு மூட்டுவலிப்பா, தூக்கி விடுங்க" என்று காண்டிராக்டர் சிரித்தார்.

நானே எழுந்துவிட்டேன். உள்ளே இறங்கிய சோமா இருமிக்கொண்டே ஏறிவந்து, "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்றான். அவன் பிழைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் இனி என் பேச்சை யார் கேட்பார்கள்?

உளுந்து வடகம் கொஞ்சம் அனுப்பு. பொட்டலத்தில் உன் கையெழுத்திலேயே முகவரி எழுது.

கழிவு உறிஞ்சும் லாரி வந்துவிட்டது. அடுத்த குழியின் மூடியை சோமா என்னைக் கேட்காமலே நெம்புகிறான்.

நீலமணி