இல்லாத வருஷம்

மார்ச் 4
பிரஸ்ஸுக்கு இன்று ஊழியக்காரரின் பேனர் வேலை வந்தது. அம்மா போகும் சபையை நடத்துபவர். இடது ஓரத்தில் கி.மு.வில் ஒரு ராஜா போட்ட கட்டளை, வலது ஓரத்தில் உலக முடிவு. நடுவில் பைபிளில் தானியேல் சொன்ன நாட்கள், நாளுக்கு ஒரு வருஷம் என்று. மாதமும் தேதியும் பழைய யூதக் காலண்டர்படி, பிறை பார்த்து. எல்லாம் கூட்டினால் இந்த ஏப்ரல் 11.

"தேதியைப் பெருசாப் போடும்மா," என்றார் முதலாளி. "பொய்யாப் போனா திட்ட வருவான். நிஜமாப் போனா வர ஆளே இருக்காது."

சிரித்தேன்.

மார்ச் 5
அம்மாவுக்கு மார்பில் கட்டி. ஏப்ரல் 16 ஆபரேஷன். வேண்டாமென்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

"அதுக்கு அஞ்சு நாளைக்கு முன்னாடியே கர்த்தர் வந்துடுவாரு. அப்புறம் எதுக்குடி வெட்டணும்? முழு உடம்போட பார்க்கிறேன்."

மார்ச் 6
டாக்டர் காலில் விழாத குறை. இந்த மாதக் கடைசிவரை இடத்தை வைத்திருப்பாராம். "தள்ளினா பரவிடும். ஒரு வருஷம்கூடத் தாங்காதும்மா."

மார்ச் 9
ஊழியக்காரர் வீட்டு வாசலில் சிமெண்ட் மூட்டைகள். மாடி எழும்புகிறது. யார் குடியிருக்க? பாவப்பட்டவர்கள் ஆஸ்பத்திரியை விடணும், இவர் மாடி கட்டணும்!

அம்மாவிடம் கத்தினேன். "நோவாகூட வெள்ளம் வந்த நாள் வரைக்கும் தச்சு வேலைதானே செஞ்சாரு," என்றாள்.

மார்ச் 12
தூக்கமில்லை. அம்மா இருமினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

மார்ச் 14
பேனரில் வருஷக் கட்டங்களை அடுக்கும்போது பார்த்தேன். கி.மு. 1, பக்கத்தில் 0, அதன் பக்கத்தில் கி.பி. 1. பூஜ்ஜியம் என்று ஒரு வருஷமே கிடையாது. கி.மு. 1 முடிந்ததும் கி.பி. 1தான். இல்லாத அந்த வருஷத்தையும் சேர்த்து எண்ணியிருக்கிறார் மனுஷன். எடுத்துவிட்டால் முடிவு ஒரு வருஷம் தள்ளிப்போகிறது.

பொய் என்றால் அம்மா கேட்கமாட்டாள். கணக்கில் தப்பு என்றால்?

மார்ச் 15
சபையில் போய்க் காட்டினேன். ஊழியக்காரர் முகம் வெளுத்தது. பிறகு என் தலையில் கை வைத்தார். "கர்த்தர் இந்தப் பொண்ணு வாயால பேசினாரு! இன்னும் ஒரு வருஷம் கிருபை!" ஒரே கைதட்டல். பிறைக்கணக்கில் அடுத்த வருஷம் ஏப்ரல் முதல் தேதியில் விழுகிறதாம்.

அம்மா அழுதாள். பெருமையில்.

மார்ச் 16
"ஒரு வருஷம் தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரும்மா. அவர் வரும்போது நீ உயிரோட இருக்க வேணாமா?"

நான்தான் சொன்னேன். இந்த வாயால்.

அம்மா பைபிளை மூடி வைத்தாள். அப்புறம், "சரி, ஆஸ்பத்திரிக்குப் போன் போடு."

ஏப்ரல் 11
ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நான் ஏன் அடிக்கடி ஜன்னலுக்குப் போனேன்?

ஏப்ரல் 16
முடிந்தது. கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்களாம். வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மே 2
எதிர்வீட்டுத் தையல் அக்காவும் அந்தச் சபைதான்; மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாள். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து பொத்தான் தைக்கிறாள்.

"ஒரு வருஷத்துக்கு எதுக்குடி படிப்பு? நீதானே கணக்கைச் சரி பண்ணினே!"

"அக்கா, அது எல்லாமே பொய்க்கா. சத்தியமா."

"என் விசுவாசத்தைச் சோதிக்கிறியா?" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

இன்னும் எத்தனை வீட்டில் என் பெயரைச் சொல்கிறார்களோ?

மே 20
காயம் நன்றாக ஆறியிருக்கிறது. பெரிய பரிசோதனைக்கு அடுத்த மே மாதம் வரச் சொன்னார் டாக்டர்.

"அதுக்கு முன்னாடி ஒரு தேதி குடுங்க டாக்டர்," என்றாள் அம்மா. "ஏப்ரல்லேர்ந்து நான் ஊர்ல இருக்க மாட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மார்ச் என்று எழுதிக்கொடுத்தார்.