கை கொடுக்கும் வழக்கம்

அக்டோபர் 29

விசாரணை நீதிபதியாக நான் இருந்த வரைக்கும் கைதியின் முகம் எதிரில் இருக்கும். ரிச்மண்டில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு என்னை அனுப்பினார்கள், இங்கே வந்ததிலிருந்து காகிதம் மட்டும்தான். பதவி உயர்வாம்.

இன்று பிளெட்சோ வழக்கு. செய்யாத கொள்ளைக்கு இருபது வருடம் என்கிறான். சிறையில் கலவரம் நடந்து எல்லாரையும் அறைக்குள் பூட்டிப்போட்டதில் அவன் மனு கெடு தாண்டி வந்துவிட்டது. கேட்பதா, தள்ளுவதா? வாதம் முடிந்ததும் வழக்கம்போல் நீதிபதிகள் மூவரும் மேடையிலிருந்து இறங்கி வக்கீல்களுக்குக் கை கொடுத்தோம். அவனுடைய வக்கீல் ஆக்டேவியாவின் உள்ளங்கை சில்லென்று நனைந்திருந்தது.

உள்ளறையில் இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும். அது நான். "கெடுன்னா கெடுதான், தள்ளிடலாம்" என்றேன். அடுத்த நீதிபதி எல்வுட் தலையாட்டினார். தலைமை வகித்த வெண்டல், "அப்ப தீர்ப்பை நீயே எழுதிடும்மா" என்றார்.

நவம்பர் 6

எழுத வரவில்லை.

நவம்பர் 14

இன்னும் வரவில்லை. பூட்டிய அறைக்குள் இருப்பவன் மனுவை எப்படி அனுப்புவான்? இந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. காலையில் என் கணவர் அமோஸ், "முட்டைக்கும் தீர்ப்பு எழுதணுமா? ஆறிப்போகுது" என்றார். எரிந்து விழுந்தேன். பாவம் மனுஷன்.

நவம்பர் 19

வெண்டலிடம் போய், "நான் மாறிட்டேன். அவன் மனுவைக் கேக்கணும்" என்றேன்.

"தீர்ப்பு வெளியாகற வரைக்கும் மாறிக்கலாம், தப்பில்ல. ஆனா முதல்ல சொன்னது நீ. உன்னை நம்பித்தான் எல்வுட் தலையாட்டினாரு. இப்ப அவரு இறங்கி வர மாட்டாரு. நானும்தான்."

அவசரக்குடுக்கை. யோசிச்சுச் சொல்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சிருக்கும் எனக்கு?

ஜனவரி 8

இரண்டுக்கு ஒன்று. தள்ளுபடி. வெண்டல் எழுதியது இரண்டே பக்கம். என் மாறுபட்ட தீர்ப்பு நீளமோ நீளம் — அதனால் பிளெட்சோவுக்கு ஒரு நாள்கூடக் குறையாது.

மார்ச் 19

வேறு வழக்கு, அதே ஆக்டேவியா. முடிந்ததும் இறங்கினோம். கை கொடுக்கும்போது நன்றிக்கு மேல் யாரும் பேசுவதில்லை. அவள் பேசினாள்.

"நீங்க எழுதினதை பிளெட்சோ படிச்சாரு, மேடம். பக்கத்து அறைக்காரருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டினாராம்."

நன்றி என்றேன். அவள் கையை விட்டதும் அங்கியில் துடைத்துக்கொண்டேன். இந்த முறை நனைந்திருந்தது என் கை.