தூக்காத கை

அக்கா,

இன்றைக்கு மத்தியானம் டப்பாவைத் திறந்தேன், ஊசிப்போன சோற்று வாடை குப்பென்று அடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். இருட்டில் எழுந்து வடித்த சோற்றைச் சூட்டோடு மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினால் வேறென்ன ஆகும்? "தட்டுல கொட்டி ஆற வச்சு மூடுடி, அவசரக்குடுக்க" என்று நீ எத்தனை முறை திட்டியிருப்பாய்.

காசிமேட்டில் நம் வீடுகளை எடுத்துவிட்டு எல்லோரையும் ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். இறால் கம்பெனி வேலை மட்டும் காசிமேட்டிலேயே இருந்தது. பாரிமுனையில் பஸ் மாறி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். அப்புறம் கம்பூட்ஸ் மாட்டிக்கொண்டு, ஐஸ் தண்ணீரில் கையை விட்டு, நின்றபடியே இறால் உரிக்க வேண்டும். காலையில் உனக்குக் கை ஓடாது. ஓட்டோடு சதையும் பிய்ந்து வரும். சூப்பர்வைசர் கத்துவார். நீ அசரவே மாட்டாய்.

"கால்ல பஸ்சு இன்னும் ஓடிகினே கீது சார். அது நிக்கட்டும், கை தானா ஓடும்."

அப்படியேதான் ஆகும். டீ குடித்த பிறகு உன் தட்டுதான் எல்லோருக்கும் முன்னால் நிறையும்.

தூரம் என்று தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று, கம்பெனியில் நான் காசிமேட்டிலேயே வாடகைக்கு இருக்கும் தம்பி வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தேன். நம் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான். நீ மட்டும் பெரும்பாக்கம் என்றே எழுதச் சொன்னாய். "வேல செய்றது இந்தக் கை. நா எங்க பட்த்தா இவனுக்கு இன்னா?"

நீ கண்ணை மூடிய பிறகு உன் இடத்தில் உன் மகள் மேரி நிற்கிறாள். அவளும் பெரும்பாக்கம் என்றுதான் சொல்வாள்.

இன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் மேனேஜர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். காலையில் நிறைய சரக்கு வீணாகிறதாம், தூரத்திலிருந்து வருகிறவர்களால்தானாம். "தூரத்துலேர்ந்து வர்றவங்க கை தூக்குங்க" என்றார். மேரி உடனே தூக்கினாள். தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கையுறையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். வேறு யாரும் தூக்கவில்லை.

"திங்கக்கிழமையிலேர்ந்து நீ வேணாம்மா."

"கொஞ்சம் லேட்டா ஆரம்பிச்சா சரியாப் பூடும் சார். எங்கம்மா சொல்லிகினே இருந்துச்சே" என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'நானும் அங்கேர்ந்துதான் சார் வரேன், மத்தியானம் எங்க தட்டைப் பாருங்க' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். என் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது அக்கா. இதெல்லாம் ஒரு பிழைப்பா?

சாயங்காலம் அவள் முகத்தில் முழிக்கக் கூசி, வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பினேன். பாரிமுனையில் பெரும்பாக்கம் பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரம் மேரி. பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு, "ஆள் வருதுமா, ஆள் வருது" என்று வருகிறவர்களிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பையை எடுத்தாள்.

"குந்து சித்தி. காலைலேர்ந்து நின்னுகினே கீற."

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தோள் கனக்கிறது. இன்றைக்கு உன் பிள்ளைக்கென்று நான் செய்தது, அதை அசைக்காமல் வைத்திருந்தது ஒன்றுதான்.