பதினேழாம் எண் மேசையில் எண்பத்து நான்கு டெசிபல்

மே 3, ஞாயிறு

கப்பலில் முதல் இரவுச் சாப்பாடு. எட்டுப் பேர் உட்காரும் வட்ட மேசை, எண் 17. நாங்கள் மூன்று பேர். மற்ற ஐந்து பேர் யாரென்றே தெரியாது. யார் இவர்களைக் கூப்பிட்டது?

வீட்டில் மூவரும் சேர்ந்து கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்று யோசித்தேன். நினைவில்லை. அப்பா விடியுமுன் பேக்கரிக்குப் போய்விடுவார்; மாலை ஆறரைக்கே தூக்கம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி லேபில் மதிய ஷிஃப்ட். இரண்டு பேரும் பேசிக்கொள்வதெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் மஞ்சள் சீட்டில்தான். ‘கேஸ் வரும்.’ ‘சாவி பக்கத்து வீட்டில்.’

இந்தப் பயணத்துக்காக நாட்காட்டியில் நாற்பது கட்டங்களை ஒவ்வொன்றாக அடித்தேன். நாங்கள் மூன்று பேர், ஒரு மேசை, ஐந்து இரவு. அவ்வளவுதான் கேட்டேன். பேசுவதற்கு ஏழு விஷயங்கள்கூடக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

கிடைத்தது ஊதல் மாமா. ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். (பெயர் நான் வைத்தது.) எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசியே காலம் தள்ளியவர். எஞ்சின் இன்னும் ஓடுகிறது என்று நினைப்பு. என் முதல் விஷயத்தைத் தொடங்கினேன். “அப்பா, திமிங்கலம் தூங்கும்போது…” அதற்குள் அவர், “எங்க இறங்குறீங்க?” என்று கத்தினார். கப்பலில் எல்லோரும் ஒரே இடத்தில்தானே இறங்குவோம்!

மே 4, திங்கள்

ஃபோனில் ஒலி அளக்கும் செயலியை இறக்கிக்கொண்டேன். இனி ஆதாரத்தோடு கோபப்படுவேன்.

கதவு திறக்குமுன்: 54.
எல்லோரும் உட்கார்ந்ததும்: 76.
பரிமாறுகிறவர்கள் தட்டைத் தட்டி யாருக்கோ பிறந்தநாள் பாட்டுப் பாடியபோது: 84.

தரை சலவைக்கல், கூரை தகரம், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. மேசை விரிப்புகூட இல்லை. சத்தம் போவதற்கு வழியே வைக்காமல் ஒரு சாப்பாட்டு அறையைக் கட்டியிருக்கிறார்கள். கட்டியவர் அங்கே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

ஒரு வேடிக்கை: அறைக் குளியலறைக் கண்ணாடியில் மஞ்சள் சீட்டு. ‘மாத்திரை நீலப் பையில்.’ அம்மா கையெழுத்து. ஒட்டும்போது அப்பா மூன்றடி தள்ளிக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷம்!

மே 5, செவ்வாய்

“என்ன பாப்பா, சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல ஆராய்ச்சி?” என்றார் ஊதல் மாமா.

“சத்தத்தை அளக்கிறேன்.”

“நான் எவ்வளவு?”

“எழுபத்தொன்பது.”

“அவ்வளவுதானா? வயசாயிடுச்சுடீ எனக்கு!” என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். மேசையே சிரித்தது. அம்மாவும். என் பக்கம் ஒருவரும் இல்லை.

பிறகு அப்பா ஒரு கதை சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஈஸ்டை இரண்டு மடங்கு போட்டுவிட்டாராம். மாவு தொட்டியை விட்டு எழுந்து, கதவிடுக்கு வழியாக முதலாளியின் அறைக்குள் போய்விட்டதாம். இப்படி ஒரு கதை இருப்பதே எனக்குத் தெரியாது. பதினான்கு வருஷமாகப் பக்கத்து அறையில் தூங்குகிறேன், என்னிடம் சொல்லவில்லை. யாரோ ஒரு ரயில்காரரிடம் சொல்கிறார்!

நாளை புகார்.

மே 6, புதன்

இரண்டு நாள் அளவுகளோடு இரண்டு பக்க மனு எழுதி, உணவகப் பொறுப்பாளரிடம் நீட்டினேன். முழுவதும் படித்தார். அதற்கு மட்டும் நன்றி. பிறகு கணினியைப் பார்த்து, “பெரிய மேசை வேணும், மத்தவங்களோட உக்காரணும்னு உங்க அப்பாதாம்மா டிக் பண்ணியிருக்காரு” என்றார்.

தவறுதலாக இருக்கும் என்று சொன்னேன். சண்டை போட்டு மூவர் மேசை வாங்கினேன். எண் 62, தூணுக்குப் பின்னால், ஜன்னல் ஓரம்.

58 டெசிபல். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சூப் வந்தது. கரண்டிச் சத்தம் கேட்டது. அப்பா, “கடல் அமைதியா இருக்கு” என்றார். அம்மா, “ம்” என்றாள். திமிங்கலத்தைச் சொன்னேன். “அப்படியா” என்றார்கள், இரண்டு பேரும் என்னைப் பார்த்து. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ரொட்டி வருவதற்குள் ஏழு விஷயமும் தீர்ந்துவிட்டது.

“ஏம்ப்பா பெரிய மேசை கேட்டீங்க?”

அப்பா உப்பு டப்பாவைத் திருப்பித் திருப்பி வைத்தார். அம்மாதான் பேசினாள். “நான்தான் கேக்கச் சொன்னேன். எங்களுக்குள்ள பேச ஒண்ணுமில்லடா. சண்டைகூட இல்ல. ஊருக்குப் போனதும் அப்பா தனியா இருக்கப் போறாரு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்…”

கப்பலிலா சொல்வார்கள்? எழுந்து போக ஒரு தெருகூட இல்லாத இடத்திலா? எனக்காகக் கூட்டி வந்தார்களாம். எனக்காக! நாற்பது கட்டம் அடிச்சேனே, ஒருத்தராவது வேணாம்னு சொல்லியிருக்கலாமில்ல? கேக்கை அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். ரெண்டு பேர் மேலயும் கோபம். அந்தத் தூண் மேலகூட.

மே 7, வியாழன்

மேல்தளத்தில் ஊதல் மாமாவின் மனைவி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். “நேத்து மேசைல காணோமே கண்ணு?”

குறிப்பேட்டை மூடினேன்.

“உங்க அப்பா அம்மா பேசிக்கறதில்லன்னு முதல் நாளே பார்த்தேன். நீ முழிச்சு முழிச்சுப் பார்த்துட்டிருந்தே. அதான் இவர்கிட்ட விடாமப் பேசுங்கன்னேன். வீட்ல வாயே திறக்க மாட்டாரு மனுஷன். தொண்டை கட்டிப்போச்சு பாவம்.”

முன்பின் தெரியாதவருக்கு ஒரே இரவில் தெரிந்திருக்கிறது. நான் அந்த மஞ்சள் சீட்டை வேடிக்கை என்று எழுதி வைத்திருக்கிறேன். அவர்மேலும் கோபம் வந்தது. அது நிலைக்கவில்லை.

கடைசி இரவு 17க்கே திரும்பினோம். கேட்டது நான். அளக்கவில்லை. மாமா குரல் கரகரத்தது.

மே 19, செவ்வாய்

அப்பா போனார். இரண்டு பெட்டி, ஒரு மின்விசிறி. ஃபிரிட்ஜ் கதவில் சீட்டே இல்லை. பசை ஒட்டிய இடம் மட்டும் அழுக்காக இருக்கிறது. நான் துடைக்கப் போவதில்லை.

ஜூன் 13, சனி

அப்பாவைப் பார்க்கும் நாள். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஓட்டலுக்கு அம்மாவும் வந்தாள். நல்ல கூட்டம், நாலு பேர் மேசை. அப்பா தண்ணீர் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தார். அம்மா உணவுப் பட்டியலை இரண்டாவது முறை படித்தாள்.

கையில் மழைக்கோட்டோடு ஒருவர் வந்து, “இங்க யாராவது வராங்களா?” என்று கேட்டார்.

அவர்கள் வாய் திறக்குமுன் என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“யாரும் வரல. உக்காருங்க அங்கிள். மழை எப்படி?”