டவாலியின் தலைப்பாகை

இன்று காலை பூஜை அலமாரியைத் துடைக்கும்போது கடுக்கன் பெட்டியைத் திறந்தேன். கற்பூர வாசனையோடு நீதான் நினைவுக்கு வந்தாய்.

என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி புறப்பட்ட அன்று கழற்றி வைத்துவிட்டுப் போன கடுக்கன் அது. தெற்கே ஒரு ரயில் நிலையத்தில் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியைச் சுட்டுவிட்டு, அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். கடுக்கனைப் பார்க்க ஆண்டுதோறும் அவர் நினைவு நாளில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். ஒருமுறை நம் ஆபீஸுக்கும் எடுத்து வந்து காட்டினேன். உடலைக்கூட வீட்டுக்குத் தரவில்லை என்றும், "முகத்தை மூட ஒரு கை இல்லாமப் போச்சே" என்று அவர் மனைவி சாகும்வரை புலம்பினாள் என்றும் சொன்னேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நீ மட்டும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாய்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில்தான் வாயைத் திறந்தாய். "மூடினாங்க. எங்க பூட்டன்தான் மூடினார்."

இறந்த அதிகாரிக்கு அவர் டவாலி. சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு துரைக்கு முன்னால் நடப்பவர். துரைக்காக அழுதுகொண்டே, தன் தலைப்பாகையை அவிழ்த்து எங்களவர் முகத்தின்மேல் போட்டாராம். அதற்காக அடித்து, வேலையை விட்டு விரட்டினார்கள். வெள்ளைக்காரனிடம் வேலை பார்த்த குடும்பம் என்று ஊர் பேசுமே என்றுதான் பாலக்கரையில் உங்கள் வீட்டில் யாரும் இதை வெளியே சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாய். பழைய சேலைத் துணியில் சுற்றியிருந்த சிவப்புப் பட்டையை அப்பாவின் முன் வைத்தாய். அப்பா அதைத் தொடாமலே கேட்டார்: "எஜமானைக் கொன்னவன் முகத்தை எதுக்கும்மா மூடினார்?"

"வீட்லேருந்து யாராவது வருவாங்க, சிதைஞ்ச அந்த முகத்தைப் பார்த்துடக் கூடாதுன்னு நினைச்சாராம்ப்பா."

யாரும் வரவில்லை. வர விடவில்லை. அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நீ சாப்பிடாமல் போகக் கூடாது என்று சொல்லி, இலை போட்டுத் தானே பரிமாறினார்.

இந்த வருஷ நினைவுக் கூட்டத்தில் அப்பாவும் உயிரோடு இல்லை, நீயும் இல்லை. என்னைப் பேசச் சொன்னார்கள். உன் பூட்டன் பெயரை முதன்முறையாக மைக்கில் சொன்னேன், அவர் யாருடைய டவாலி என்பதையும் மறைக்காமல். யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார். கடைசியில் ஒரு பெரியவர் மட்டும் அருகே வந்து, அந்த டவாலி குடும்பத்திலிருந்து யாராவது வந்திருக்காங்களா என்று விசாரித்தார்.

"நான் வந்திருக்கேங்க" என்றேன்.