கடைசிக் கட்டம்

மார்ச் 3

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம் என்று எழுத ஆசைதான். செவ்வாயன்று அச்சகத்தில் புரூஃப் பார்க்கும்போது மயங்கி விழுந்தேன். காகிதங்களுக்குச் சேதமில்லை.

எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு நாள் காய்ச்சாறு மட்டும் குடிக்கச் சொன்னது, எங்களிடம் அச்சுக்கு வந்த ஒரு துண்டுப்பிரசுரம். நம்பியதற்குக் காரணம் உண்டு: நான்கு பக்கத்திலும் ஒரு பிழைகூட இல்லை. முப்பது வருஷத்தில் அப்படியொரு பிரதியை நான் பார்த்ததில்லை.

மிஷின்காரர் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, "யோவ், வீட்ல டயட்டீஷியனை வச்சுக்கிட்டு நோட்டீஸைப் படிச்சா பட்டினி கெடப்பே?" என்றார்.

"இப்ப வீட்ல இல்ல" என்றேன்.

நான் என்ன சாப்பிட வேண்டும்?

உன்,
புரூஃப்காரர்

*

மார்ச் 9

வணக்கம்.

முதலில் டாக்டரிடம் போய் மாத்திரை நிறுத்தியதைச் சொல்லுங்கள்.

பதினாறு வருஷம் எதிரே உட்கார்ந்து சொன்னேன். நீங்கள் பேப்பரை விரித்து, "இதுல வேற மாதிரி போட்டிருக்கே" என்றீர்கள். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நான் சொல்வதைக் கேட்கிறார்கள். அதற்காகத்தான் வந்தேன்.

ஆளைப் பார்க்காமல் நான் பத்தியம் எழுதுவதில்லை, புருஷனாகவே இருந்தாலும். அங்கேயே தகுதியுள்ள ஒருவரைத் தேடுங்கள். என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார், என்ன விற்கிறார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் நீண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உணவியல் நிபுணர்

விழுந்ததில் அடிபட்டதா என்று எழுதவில்லையே?

*

மார்ச் 24

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நெற்றியில் சின்ன வீக்கம். வடிந்துவிட்டது. மாத்திரை ஓடுகிறது.

மூன்று பேரைப் பார்த்தேன். முதலாமவர் படித்தது இரண்டு நாள் வகுப்பு. சான்றிதழின் லேமினேஷன் பிரமாதம். இரண்டாமவர் உன் மூன்றாவது கேள்விக்கு நாற்பது நிமிடம் பதில் சொல்லி, ஒரு டப்பா பவுடரைக் கையில் திணித்தார். வைத்துவிட்டு எழுந்தேன்.

மூன்றாமவர் அரசு ஆஸ்பத்திரி அம்மா. பட்டமும் பதிவு எண்ணும் சுவரில் இருந்தன. "என்ன விக்கிறீங்க?" என்றேன்.

"உக்காரச் சொல்ல நாற்காலியே இல்ல. இதுல விக்கிறதுக்கு எங்க போறது?"

அவரையே பிடித்துக்கொண்டேன். ஒரு வாரம் சாப்பிட்டதை எழுத ஒரு தாள் தந்தார். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு. கடைசிக் கட்டம், 'யாருடன்'. அதற்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"எங்களுக்குப் பாடம் எடுத்த மேடம் போட்ட தாள் சார் இது. மத்த கட்டத்துல எல்லாம் பொய் எழுதுவாங்க, இதுல மட்டும் எழுத மாட்டாங்கன்னு சொல்வாங்க."

மேடம் யார் என்றேன். உன் பெயரைச் சொன்னார்.

அந்தத் தாளுக்கு நம் வீட்டு மேஜையில்தான் கோடு போட்டிருப்பாய். எதிரே நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பேன். நிரப்பிக் கொடுத்ததும் பத்தியம் எழுதித் தந்தார். தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்,
புரூஃப்காரர்

*

ஏப்ரல் 5

அன்புள்ளவருக்கு,

தாள் கிடைத்தது. அளவுக் கட்டத்தில் பொய் எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் எழுதுவதுதான். கடைசிக் கட்டத்தில் இருபத்தொரு வேளையும் 'தனியாக'.

நானும் இங்கே ஒரு வாரம் அந்தத் தாளை நிரப்பிப் பார்த்தேன். உங்கள் தாளின் நகல் போலவே இருக்கிறது.

ஞாயிறு மதியம் வருகிறேன். அந்த அம்மா எழுதிக்கொடுத்தபடி சமையுங்கள். பேப்பரை மடித்து வேறு அறையில் வையுங்கள். மாலை பஸ்ஸுக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். இருபத்தொன்றில் ஒரு வேளையைத்தான் இப்போது திருத்த முடியும். மற்ற இருபதைப் பற்றிச் சாப்பிட்டபின் பேசலாம்.

உங்கள்,
வீட்டுக்காரி