ஒரு வரிசை திராட்சைக்கொடி

ஜெனோவாவுக்கு வடக்கே,
இத்தாலி.
20-10-1956

அன்புள்ள பாக்கியத்துக்கு,

காய்ச்சல் அறவே விட்டது, கவலைப்படாதே. ஆஸ்பத்திரியில் கிடந்த என்னை விட்டுவிட்டு என் கப்பல் போய்விட்டது. வேறு கப்பல் கிடைக்கும்வரை மலைச்சரிவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறேன். பியேத்ரோ என்றொரு கிழவர், புருஷனை இழந்த அவர் மகள் தெரேசா, ஒரு ஜோடி மாடு, அவ்வளவுதான் வீடு.

அக்கம்பக்கத்தார் மூட்டை மூட்டையாக ரசாயன உரம் போடுகிறார்கள். கிழவர் அதைக் கையாலும் தொடமாட்டார். கொடி வரிசைகளுக்கு நடுவே மொச்சை விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதுவிடுவார். அதுவும் சாணமும்தான் எரு. போன வாரம் பழம் பறித்து மரத்தொட்டியில் கொட்டிக் காலால் மிதித்தோம். சாறு வெறும் வெளுப்பு, பாக்கியம்! தோலோடு ஊறினால்தான் சிவப்பு ஏறுமாம். அடுப்பே இல்லாமல் தானாகப் பொங்குகிறது. மிதந்து வரும் தோலைக் கழியால் அமுக்கிவிடுவது என் வேலை.

இந்த வீட்டில் பிள்ளை பிறந்தால் அதன் பெயரில் ஒரு வரிசை கொடி நடுவார்கள். தெரேசாவின் வரிசையைத்தான் கடைசியாகப் பறித்தோம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நினைத்து அழாதே, சீக்கிரம் வந்துவிடுவேன்.

உன்,
ராஜரத்தினம்

காஜா பெராங்,
மலாக்கா.
8-9-1957

அன்புள்ள அத்தானுக்கு,

பாக்கியம் நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. கள்ளுக்கடைத் தெருவில்கூட நடக்காத மாப்பிள்ளை ஒயின் தொட்டியில் இறங்கிவிட்டார் என்று பொன்னுதுரை அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சூயஸ் கால்வாய் மூடிக்கிடக்கிறது, கப்பல் இல்லை என்று எழுதினீர்கள். பொறுத்துக்கொண்டேன். சித்திரையிலேயே திறந்தாயிற்றே, அத்தான். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த அன்று ஊரே கொடி பிடித்துக்கொண்டு போயிற்று. நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

எதிர்வீட்டுச் செட்டி அம்மாளுக்கு, இந்த ஊர்ச் செட்டிகள் எல்லோரையும் போல, மலாய்தான், தமிழ் வராது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "லாக்கி லூ பெலும் பாலேக் கா?" என்கிறாள். உன் புருஷன் இன்னும் வரவில்லையா என்று கேட்கிறாளாம்! அவளுக்காவது ஒரு பதில் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
பாக்கியம்

இத்தாலி,
25-3-1958

அன்புள்ள பாக்கியத்துக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே வேலை ஓய்வதில்லை. மது பீப்பாயில் சும்மா கிடக்கிறது என்று நினைக்காதே. குளிர்காலம் முழுக்க வண்டல் கீழே இறங்கும். தெளிந்ததை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றவேண்டும். அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

கிழவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கொடி கவாத்து செய்வதெல்லாம் நான்தான். கிணற்றுப் பக்கம் புதிதாக ஒரு வரிசையும் என் கையாலேயே நட்டேன். மூன்றாம் வருடம்தான் காய்க்கும். மண் அத்தனை மெத்தென்றிருக்கிறது.

நான் முதன்முதலாக மிதித்த பழத்தின் மது ஒரு புட்டி, கப்பல்காரர் கணேசமூர்த்தி கையில் அனுப்பியிருக்கிறேன். பயணத்தைப் பற்றி அடுத்த அறுவடைக்குப் பிறகு பார்ப்போம். உடம்பைப் பார்த்துக்கொள்.

ராஜரத்தினம்

மலாக்கா,
6-7-1958

ராஜரத்தினம் அவர்களுக்கு,

புட்டி வந்து சேர்ந்தது. கடிதத்தை அண்ணனிடம் வாசித்துக் காட்டும்போது, கிணற்றுப் பக்கத்து வரிசை வந்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். உங்கள் முதல் கடிதத்தைத் தேடி எடுத்தேன். அந்த வீட்டில் ஒரு வரிசை எப்போது நடுவார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுதியது உங்களுக்கு மறந்துவிட்டது. நான் ஒரு வரியும் மறக்கவில்லை.

ஆணா பெண்ணா என்றுகூட எழுதவில்லை. எதுவானாலும் நன்றாக இருக்கட்டும், குழந்தை என்ன பாவம் செய்தது? எனக்குத்தான் வயிறு எரிகிறது. மாரியம்மன் கோயிலில் உங்களுக்காக நான் நின்ற நிற்பையெல்லாம் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்போது இங்கே பழக்காலம். செட்டி வீடுகளில் இறந்தவர்களுக்குப் பழம் வைத்துப் படைக்கிறார்கள். இன்று எதிர்வீட்டிலும் டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தான் எல்லாம் இலையில் வைத்திருந்தார்கள். நான் உங்கள் புட்டியைக் கொண்டுபோய் அந்த இலையின் ஓரத்தில் வைத்தேன். செட்டி அம்மாள் திடுக்கிட்டு, "சியாப்பா?" என்றாள். யாருக்கு என்று.

உங்கள் பெயரைச் சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இனிமேல் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டாள்.

பாக்கியலட்சுமி